பதினொரு நாள்களும் ஆறாயிரம் தீவுகளும்

கிரேக்க நாட்டிற்குச் சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ ஆறாயிரம் தீவுகள் உண்டென்றும், அவற்றுள் மக்கள் வாழ்வன 227 மட்டுமே என்றும் அந்நாட்டுச் சுற்றுலாத் துறையார் கணக்குச் சொல்கின்றனர். எங்களுக்குக் கிடைத்திருப்பவை பதினொரு நாள்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள், ஏதென்ஸ் நகருக்கு இரண்டு நாள் என்று கழித்தால் எஞ்சுவன ஏழே. 227-ஐ ஏழுக்குள் அடக்கும் வேலையைத்தான் மூன்று மாதங்களாக எங்கள் வீட்டு உணவு மேசையில் செய்துகொண்டிருந்தோம்.

'நாங்கள்' என்பது இருவர். ஒருவர் தமிழ் இலக்கியம் பயின்று கல்லூரியில் அதனையே கற்பித்து வருபவர். மற்றவர் மேல்நிலைப் பள்ளியில் கணக்குக் கற்பிப்பவர். இக்கட்டுரையில் எது எவர் சொல் என்று பிரித்துக் காட்டுவதில்லை என்று பேசி முடிவு செய்துகொண்ட பின்னரே எழுத உட்கார்ந்தோம். தவிர்க்க முடியாத இடங்களில் மட்டும் தமிழ்க்காரர், கணக்குக்காரர் என்று குறிப்போம். நண்பர்கள் பொறுத்தருள்க.

பணம் வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிடில் கல்லூரி ஆசிரியருக்குக் கிரேக்கப் பயணமா என்று பின்னூட்டத்தில் யாரேனும் கேட்பர். மகளின் படிப்புக்கென்று பல ஆண்டுகளாகக் கட்டிவந்த ஏலச்சீட்டு முதிர்ந்தது. அவளுக்கோ அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. "ஒரு தடவையாவது எங்கியாவது போய்ட்டு வாங்களேன்" என்று அவளே சொன்னாள். கிரேக்கம் என்று முதலில் வாய்திறந்தவர் தமிழ்க்காரர். காப்பிய வகுப்பில் இருபது ஆண்டுகளாக ஹோமரைப் பற்றி, அதுவும் மொழிபெயர்ப்பில் மட்டுமே படித்த ஹோமரைப் பற்றி, மாணவர்களுக்குச் சொல்லிவரும் கூச்சம் அவருக்கு உண்டு.

வழக்கமாக எங்கள் பயணங்கள் பேருந்து நிலையத்தில் போய் நின்ற பிறகே முடிவாகும். விசா விண்ணப்பம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. எந்த இரவு எந்த ஊரில் எந்த விடுதியில் என்று நாள்வாரியாக எழுதி, முன்பதிவுச் சான்றும் இணைக்க வேண்டும் என்றார்கள். வங்கிக் கணக்கு, வருமான வரிப் படிவம், கல்லூரியிலிருந்து தடையில்லாச் சான்று ஆகியவற்றோடு எங்கள் ஆசைகளையும் அட்டவணையாக்கித் தர வேண்டியதாயிற்று. ஆக, தீவுகளைத் தேர்ந்தெடுப்பதென்பது பொழுதுபோக்குப் பேச்சாக இருந்தது போய், கெடு வைத்த வேலையாகிவிட்டது.

முதலில் நீக்கப்பட்டது சான்டோரினி. "அங்க ஒரு போட்டோ எடுக்கலேன்னா கிரீஸ் போனதையே யாரும் நம்ப மாட்டாங்க சித்தி" என்று உறவுக்காரப் பெண்ணொருத்தி தொலைபேசியில் எச்சரித்தாள். நீலக் குவிமாடங்களும் வெள்ளைச் சுவர்களும் நம்மூர்த் துணிக்கடை நாள்காட்டிகளிலேயே வந்துவிட்டன. பதினையாயிரம் பேர் வாழும் அந்தத் தீவுக்கு ஆண்டொன்றுக்கு முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போகின்றனர். 2025 சனவரி இறுதியில் தொடங்கி நிலம் நாள்தோறும் பலமுறை நடுங்கியபோது பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினர். அரசு அவசரநிலை அறிவித்தது. அது எரிமலையின் வாய்விளிம்பில் அமைந்த ஊர் என்பது அப்போதுதான் பலருக்கு நினைவு வந்தது. 1956 சூலையில் நேர்ந்த நிலநடுக்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் தீவை விட்டே போயினர் என்பதெல்லாம் நாள்காட்டியில் இராது.

ஒன்றே ஒன்று எங்களை இழுத்தது. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் எரிமலைச் சாம்பலில் மூடுண்ட அக்ரோத்திரி என்னும் ஊர். மரினாத்தோஸ் என்ற தொல்லியலாளர் 1967-இல் அதனை அகழத் தொடங்கி, 1974-இல் அந்த அகழ்வாய்வுத் தளத்திலேயே இறந்தார். ஆனால் அங்கே கிடைத்த சுவரோவியங்கள் சிலவற்றை ஏதென்ஸ் அருங்காட்சியகத்திலேயே காணலாம் என்று தெரிந்ததும் கணக்குக்காரர் ஒரு கோடு இழுத்தார். சான்டோரினி முடிந்தது.

கோஸ் தீவைத் தமிழ்க்காரர் முன்மொழிந்தார். அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடிகளுள் கோஸ் தீவினுடையவை மிகுதி என்று ஆய்வாளர் கண்டறிந்திருப்பதே காரணம். "சாடியைப் பார்க்கணும்னா புதுச்சேரிக்குப் போகலாமே, தொண்ணூறு ரூபா பஸ்ஸு" என்று விடை வந்தது. யவனர் பற்றிய பேச்சு அன்றோடு எங்கள் வீட்டில் ஓய்ந்தது. (தமிழாசிரியர்கள் கிரேக்கம் பற்றி எழுதினால் யவனரில் தொடங்கி யவனரில் முடிப்பர் என்ற பழிக்கு நாங்களும் ஆளாகாமல் தப்பினோம்.)

டிலோஸ் தீவை விடுவதற்குத்தான் மனம் வரவில்லை. மைக்கோனோசிலிருந்து அரைமணி நேரப் படகுப் பயணம். அப்போலோ பிறந்ததாகச் சொல்லப்படும் புனிதத் தீவு. கி.மு. 426-இல் ஏதென்சு நகரத்தார் அதனைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லி, அங்கிருந்த புதைகுழிகளையெல்லாம் தோண்டி எலும்புகளை அண்டையிலுள்ள ரெனேயா தீவுக்கு மாற்றினர். அதன்பின் டிலோசில் எவரும் பிறக்கலாகாது, எவரும் இறக்கலாகாது என்பது சட்டம். நிறைசூலியையும் சாகக் கிடப்பவரையும் படகிலேற்றி ரெனேயாவுக்குக் கொண்டுபோய் விடுவார்களாம். இன்றும் டிலோசில் இரவு தங்க இசைவில்லை. இதனைப் படித்த மாலை நெடுநேரம் நாங்கள் வேறெதுவும் பேசவில்லை. தூய்மை என்று ஒன்றை வகுத்துக்கொண்டவுடன், அழுக்கென்று ஒதுக்கியதைக் கொண்டுபோய் வைக்க இன்னொரு தீவும் வேண்டியிருக்கிறது. டிலோசுக்கு இன்றும் ஆயிரக்கணக்கானோர் செல்கின்றனர். ரெனேயாவுக்குச் செல்வோர் மிகச் சிலர்.

தமிழ்க்காரரின் உண்மையான ஆசை இதாகா. ஒடிசியூஸ் இருபதாண்டுகள் கழித்துத் திரும்பிய ஊர். உடைமாறிப் பிச்சைக்காரனாக வந்தவனை மனைவி அறியவில்லை, மகன் அறியவில்லை. குப்பைமேட்டில் கிடந்த கிழநாய் அறிந்துகொண்டு உயிர்விட்டது. அந்தக் கட்டத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கடைசி வரிசைகூட அமைதியாகிவிடும். கவாஃபி 1911-இல் வெளியிட்ட 'இதாகா' கவிதையைச் சிற்றிதழ் வாசகர்களுக்கு நாங்கள் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இன்றைய இதாகாவில் மூவாயிரம் பேர் அளவில்தான் வாழ்கின்றனர். 1953 ஆகத்து நிலநடுக்கத்தில் வீடுகள் பெரும்பாலும் இடிந்து, மீண்டும் கட்டப்பட்ட ஊர்கள் அவை.

இன்றைய இதாகாதான் ஹோமரின் இதாகாவா என்பதிலும் வழக்குண்டு. ஜெர்மானியத் தொல்லியலாளர் டோர்ப்ஃபெல்ட் லெஃப்காதாதான் ஒடிசியூசின் தீவு என்றார். ராபர்ட் பிட்டில்ஸ்டோன் என்ற ஆங்கிலேயர் 2005-இல் வெளியிட்ட நூலில் கெஃபலோனியாவின் மேற்குப் பகுதியான பாலிக்கியே பழைய இதாகா என்று வாதிட்டார். தமிழ்க்காரருக்கு இது மிகுந்த உவகை அளித்தது. சேரரின் வஞ்சி கருவூரா, கொடுங்கல்லூரா என்று நம் முன்னோர் நூல் நூலாக எழுதிச் சண்டையிட்டது நினைவுக்கு வந்ததே காரணம். ஊர் எதுவென்று உறுதிப்படாவிட்டாலும் காப்பியத்துக்கு ஒரு குறையும் இல்லை என்பது இருவீட்டாருக்கும் பொதுவான ஆறுதல்.

ஆயினும் இதாகா இருப்பது அயோனியக் கடலில், நாட்டின் மேற்குப் புறத்தே. ஏதென்சிலிருந்து பேருந்தும் கப்பலுமாகப் போக ஒரு முழு நாள் ஓடிவிடும், திரும்ப ஒரு முழு நாள். மற்றத் தீவுகளெல்லாம் கிழக்கிலும் தெற்கிலும் ஏஜியன் கடலில் கிடக்கின்றன. இதாகாவைச் சேர்த்தால் கூடுதலாக வேறொரு தீவுக்கு மட்டுமே இடமுண்டு, அதுவும் பீரேயசுக்கு அருகில் இருந்தாக வேண்டும் என்று கணக்குக்காரர் கப்பல் நேரங்களை எழுதிக் காட்டினார்.

கணக்குக்காரர் சாமோஸ் கேட்பார் என்றே எதிர்பார்த்திருந்தோம். பித்தகோரசு பிறந்த தீவு. தவிரவும், கி.மு. ஆறாம் நூற்றாண்டில் யூபலினோஸ் என்ற பொறியாளர் மலையின் இரு புறமிருந்தும் ஒரே நேரத்தில் குடைந்து, நடுவில் சந்திக்கச் செய்த 1036 மீட்டர் நீள நீர்ச்சுரங்கம் அங்கே இருக்கிறது. வடிவியல் கற்பிப்பவருக்கு அதைவிட வேறு கோயில் எது? அவர் அதைக் கேட்கவில்லை. ஒருநாள் காலை எங்கள் குறிப்பேட்டில் அவர் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: ஸ்பினாலோங்கா, அரை நாள்.

கிரீட் தீவின் வடகிழக்குக் கரையோரம் (நம் கிறித்தவ நண்பர்கள் வேதாகமத்தில் 'கிரேத்தா' என்று படித்த அதே தீவுதான்) பிளாக்கா என்ற சிற்றூருக்கு எதிரே, படகில் பத்து நிமிடத் தொலைவில் கிடக்கும் பாறைத்தீவு ஸ்பினாலோங்கா. வெனிசு நாட்டார் 1579-இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். 1715-இல் அது துருக்கியர் கைக்கு மாறியது. 1903-இல் கிரீட் அரசு அதனைத் தொழுநோயாளர் குடியிருப்பாக்கத் தீர்மானித்து, அடுத்த ஆண்டு முதல் நோயாளிகளை அனுப்பியது. 1913-இல் கிரீட் கிரேக்கத்தோடு இணைந்தபின் நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் அனுப்பினர். வரும் நோயாளிகள் நுழையும் வளைந்த சுரங்கவழிக்கு 'தாந்தேயின் வாயில்' என்று பெயர் வழங்கிற்று. உள்ளே போனவர்கள் சும்மா இருந்து சாகவில்லை என்பதுதான் வியப்பு. கடை வைத்தனர், தேநீர்க்கடை நடத்தினர், மணம் செய்துகொண்டனர், பிள்ளை பெற்றனர். கரையூர் உழவர்கள் கோட்டை வாயிலில் காய்கறி விற்றனர். 1936-இல் எபாமினோண்டாஸ் ரெமுண்டாகிஸ் என்ற சட்ட மாணவர் நோயாளியாகக் கொண்டுவரப்பட்டார். அவர் நோயாளிகளைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். எங்களுக்கு வேண்டுவது இரக்கமன்று, உரிமை என்று அரசோடு வழக்காடினார். பின்னர்ப் பார்வை இழந்தும் தம் வாழ்க்கையைச் சொல்லி நூலாக்கினார். 1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தன. 1957-இல் குடியிருப்பு மூடப்பட்டது. இறந்தவர்களுக்கு ஐந்தாண்டு வரை செய்யவேண்டிய நினைவு வழிபாடு முடியட்டும் என்று ஒரு பாதிரியார் மட்டும் 1962 வரை அங்கேயே தங்கியிருந்து, பிறகு கரையேறினார்.

விக்டோரியா ஹிஸ்லப் எழுதி 2005-இல் வெளியான 'தி ஐலண்ட்' நாவலும், அதனைத் தழுவிக் கிரேக்கத் தொலைக்காட்சியில் 2010-இல் தொடங்கிய தொடரும் அத்தீவை உலகறியச் செய்துவிட்டன. இப்போது படகுக்காரர்கள் தீவு, கடற்குளியல், சுட்ட இறைச்சி விருந்து மூன்றும் ஒரே சீட்டில் என்று விளம்பரம் செய்கின்றனர். தமிழ்க்காரருக்குச் சினம் வந்தது. பிறர் நோய்ப்பட்டுக் கிடந்த இடத்தைச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது என்ன பண்பாடு என்று சற்று உரத்தே கேட்டுவிட்டார். விடுமுறைக்குப் போகிறோமா, துக்கம் கேட்கப் போகிறோமா என்றும் கேட்டார். இச்சொல்லுக்காக அவர் பின்னர் வருந்தினார் என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

"எங்க அத்தை ஒருத்தங்க இருந்தாங்க" என்றார் கணக்குக்காரர்.

"அங்கேயா?"

"அங்க இல்ல. அது மாதிரி ஒரு எடத்துல. இங்கதான்."

மணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளாக நாங்கள், நாங்கள் என்று சொல்லிவந்ததற்குள் அந்த அத்தை இல்லை. தந்தையாருக்கு உடன்பிறந்தவர் எவருமில்லை என்றே இதுவரை கேள்வி. கணக்குக்காரருக்கும் முழுக்கதை தெரியாது. சிறுவயதில் ஒரு பாட்டி வாய்தவறிச் சொன்னதும், பழைய குடும்பப் படம் ஒன்றும் மட்டுமே தெரியும். நிழற்பட நிலையத்தில் எடுத்த அந்தப் படத்தின் இடது ஓரம் கத்திரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருக்கும். வெட்டியவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. சிறுவனாக நிற்கும் தந்தையாரின் தோள்மீது ஒரு பெண்ணின் கை மட்டும் எஞ்சியிருக்கிறது. நான்கு விரல்கள், ஒரு கண்ணாடி வளையல்.

இருவரும் ஊருக்குப் போனோம். தந்தையாருக்கு அகவை எண்பத்திரண்டு. முதலில், "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். இரவுச் சாப்பாடு முடிந்தபின் அவரே தொடங்கினார். அக்காவுக்குப் பத்தொன்பது வயது. கையில் தேமல்போல ஒன்று, தொட்டால் உணர்வில்லாமல். அடுப்பில் சுட்டுக்கொண்டதுகூடத் தெரியவில்லை. 'இரத்தக் கண்ணீர்' படம் வந்து (அது 1954) டூரிங் கொட்டகை தோறும் ஓடிய காலம். செய்த பாவத்துக்கு வரும் நோய் என்று ஊரே பாடம் படித்திருந்தது. அக்காவும் தம்பியும் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்திருக்கின்றனர், சிரித்துமிருக்கின்றனர். தேர்தல் முடிந்த கோடையில், விடியுமுன்னர் வண்டி கட்டி, பின்னர்ப் பேருந்து மாறி, அவளைக் கொண்டுபோய் விட்டது தாத்தாவும் பதினான்கு வயதுத் தம்பியும். வாயிலில் அவள் காதுத்தோட்டைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்தாள். அம்மாவிடம் கொடுத்துவிடு என்றாள். அம்மா அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"எந்த வருஷம் மாமா?"

"அம்பத்தேழு."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அங்கே கதவைத் திறந்துவிட்ட அதே ஆண்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஓர் அஞ்சலட்டை வந்ததாம். 1979 பொங்கலுக்கு வரவில்லை. விடை எழுதினீர்களா என்று நாங்கள் கேட்கவில்லை.

மருந்துகள் மேம்பட்டுவிட்டன. 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்தை ஓராண்டுக்குள் உண்டு முடித்தால் நோய் தீர்ந்துவிடுகிறது. மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் இயல்பாகவே தொற்றுவதில்லை. நம் சட்டம்தான் மெல்ல நடந்தது. நோயாளரை அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 2016-இல். மணமுறிவுக்குத் தொழுநோய் ஒரு காரணம் என்ற விதி நீங்கியது 2019-இல்.

ஊரிலிருந்து திரும்பிய பின்னரும் குறிப்பேட்டைத் திறந்தோம், வேறு கண்ணோடு. தீவுகள் விடுமுறைக்கு ஆனவை என்பது அண்மைக்கால எண்ணம் என்று தோன்றத் தொடங்கியது. காலில் ஆறாப்புண்ணோடு நாறிய ஃபிலோக்டேட்டசைத் தோழர்கள் லெம்னோஸ் தீவில் விட்டுவிட்டுப் போனார்கள். சோஃபோக்ளிஸ் அதனை கி.மு. 409-இல் நாடகமாக்கினார். அவன் வில்லில்லாமல் திராய் விழாது என்று தெரிந்த பிறகுதான் அவனைத் தேடி வருகிறார்கள். வருபவர்களுள் முதல்வன் தமிழ்க்காரரின் அன்புக்குரிய ஒடிசியூஸ். இதையும் அவர் வகுப்பில் சொல்லியிருக்கலாம், சொன்னதில்லை. யோவான் இருந்த பத்மு ஒரு தீவு. கவிஞர் யானிஸ் ரிட்சோசை 1948 முதல் லெம்னோஸ், மக்ரோனிசோஸ், ஐ ஸ்திராத்திஸ் என்றும், 1967-க்குப் பின் யாரோஸ், லேரோஸ் என்றும் தீவு தீவாக அடைத்துவைத்தது அவருடைய நாட்டு அரசுதான்.

இதாகாவை அடித்தவர் தமிழ்க்காரரே. தியாகம் என்று யாரும் கருத வேண்டா. கப்பல் நேரங்கள் வேறு வழி விடவில்லை என்பதும் உண்மை. மனத்தாங்கலும் கொஞ்சம் உண்டு. இனி ஒரு சீட்டு முதிரும் வரை வாழ்ந்தால் பார்க்கலாம்.

விசாவுக்குக் கொடுத்த அட்டவணை இது: பீரேயசிலிருந்து இரவுக் கப்பல், ஒன்பது மணி நேரம், விடியலில் ஹெராக்லியோன். அங்கே இரண்டு இரவு. ஆர்தர் எவன்சு 1900-இல் அகழத் தொடங்கிப் பிறகு சிமெண்டு பூசியும் வைத்த க்னோசோஸ் அரண்மனை, இன்னும் எவராலும் படிக்கப்படாத ஃபைஸ்டோஸ் வட்டு, 1957-இல் மறைந்த கசன்சாக்கிசின் கல்லறை. பிறகு பேருந்தில் ஆகியோஸ் நிக்கோலாவோஸ், இரண்டு இரவு. அங்கிருந்து பிளாக்கா, படகு, ஸ்பினாலோங்கா. இறைச்சி விருந்துச் சீட்டு எடுப்பதில்லை. எஞ்சிய மூன்று நாளை, ஏதென்சுக்குத் திரும்பும் வழியில் கப்பல் நிற்கக்கூடிய ஏதேனும் ஒரு தீவுக்கு என்று ஒதுக்கினோம். பெரும்பாலும் நக்சோஸ். அதைப் பற்றிச் சொல்லப் புதிதாக எங்களிடம் ஒன்றுமில்லை, உருளைக்கிழங்குக்குப் பெயர்போன தீவு என்பதைத் தவிர. பயண நோக்கம் என்னும் இடத்தில் 'சுற்றுலா' என்ற கட்டத்தில் குறியிட்டோம். வேறு கட்டம் பொருந்தவில்லை.

அத்தை இருந்த இல்லம் எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கிறது. பல ஆண்டுகளாக அவ்வழியே தேர்வுப் பணிக்குப் போய்வந்திருக்கிறோம். தொலைபேசியில் கேட்டபோது பழைய பதிவேடுகள் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்து வைப்பதாகவும் அங்குள்ள பெண்மணி ஒருவர் சொன்னார். முழுப்பெயரும் தந்தை பெயரும் வேண்டுமாம். முழுப்பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டு எழுதிக்கொண்டோம்.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரை மணிப் பேருந்து. இரண்டு பேருக்கு முன்பதிவு செய்திருந்தோம். நேற்றிரவு தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். தாமும் வருவதாகவும், தமக்குச் சன்னலோர இருக்கை வேண்டுமென்றும் சொன்னார். மாற்றிக்கொண்டிருக்கிறோம்.